கம்பெனி பஸ்ஸில் மூன்று வாரம்

எனக்கு மூன்று மொழி தெரியும். அம்மாவோடு தெலுங்கு, அப்பாவோடு தமிழ், மாங்காய்ப் பருவத்தில் தோப்புக்கு வரும் வியாபாரிகளோடு கன்னடம். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் இது ஒரு பெருமையே இல்லை, அங்கே சண்டைகூட மூன்று மொழியில்தான் நடக்கும். ஆனால் அந்நியர் ஒருவர் எதிரே வந்து நின்றுவிட்டால் மூன்றில் ஒன்றுகூட எனக்கு உதவாது. சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். ஊரில் இதற்கு 'அடக்கமான பொண்ணு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் நாளே அந்த அடக்கத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது. எண்பதுகளின் கடைசி அது. கல்லூரி ஓசூரைத் தாண்டி, பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் இருந்தது. ஓசூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டின் பின்பக்க அறையில் அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார். காலையில் டவுன் பஸ்ஸில் நெரிசல். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். கல்லூரி நிறுத்தம் வந்தது. "இறங்கணும்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வழி விட்டிருப்பார்கள். கொடுக்கவில்லை. இரண்டு பேர் இறங்கினார்கள், ஐந்து பேர் ஏறினார்கள், பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. கடைசியில் ஜூஜுவாடியில் பஸ் காலியானபோதுதான் இறங்கினேன். செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தப் புழுதியில் கல்லூரிக்குத் திரும்பி நடந்தேன். லாரியில் இருந்தவர்கள் கன்னடத்தில் என்னென்னவோ சொல்லிச் சிரித்தார்கள். எல்லாம் புரிந்து தொலைத்தது.

வகுப்பிலும் அப்படித்தான். வருகைப் பதிவின்போது "எஸ் சார்" என்று நான் சொன்னது என் பக்கத்துப் பெண்ணுக்கே கேட்கவில்லை. முதல் வாரத்தில் நான்கு நாள் வந்தும் வராதவள் ஆனேன். அப்பா கிளம்பும்போது, "புடிக்கலைன்னா ஒரு கார்டு போடு, வந்து கூட்டிக்கிட்டுப் போயிடறேன்" என்று சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார். போனால் மறுமாதமே கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் அந்த சனிக்கிழமை கார்டு வாங்கி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை தபால்பெட்டியில் போடுவதாக இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் தவறான பஸ்ஸில் ஏறினேன்.

டவுன் பஸ் நிற்குமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புங்கமரம். கூட்டத்துக்குப் பயந்து அதன் அடியில் ஒதுங்கி நின்றேன். அங்கே பத்துப் பெண்கள் டிபன் பாக்ஸும் பையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அது ஒரு மின்சார சுவிட்ச் கம்பெனியின் பெண்களுக்கான பஸ் நிற்கும் இடம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓசூரில் அப்போது வாரத்துக்கு நாலு புதுப் பெண்கள் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து இறங்குவார்கள். டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு மிரண்டு நிற்கிற பெண் என்றால் அவள் கம்பெனிக்கு வந்த புது ட்ரெய்னீதான். வேறு யாராக இருக்க முடியும் என்று யாரும் யோசிப்பதில்லை. பஸ் வந்தது, எல்லோரும் ஏறினார்கள். ஒருத்தி படியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன முழிச்சிக்கிட்டு நிக்க? ஏறு, ஏறு. சங்கு ஊதிட்டாம்னா அரைநாள் சம்பளம் போயிரும்."

இல்லை, நான் கம்பெனிக்காரி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஏறுவது அதைவிடச் சுலபமாக இருந்தது, ஏறிவிட்டேன்.

அவள் என்னைத் தன் பக்கத்தில், கடைசிக்கு முந்தின ஸீட்டில் உட்கார வைத்துக்கொண்டாள். எந்த செக்ஷன், எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பதில் சொல்லாததை அவள் பொருட்படுத்தவே இல்லை. கல்லூரி கண்ணில் பட்டதும் எழுந்து நின்று கையைக் காட்டினேன். கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள், கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "டிரைவர் அண்ணே, நிறுத்துங்க! காலேஜ்காரியைக் கடத்திக்கிட்டு வந்துட்டோம்." பஸ்ஸே சிரித்தது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது, ஆனால் ஊரைவிட்டு வந்தபின் முதல்தடவையாகச் சரியான இடத்தில் இறங்கியிருந்தேன். இறங்கும்போது, என்னை ஏறச் சொன்ன அந்த அக்கா ஜன்னல் வழியே கத்தினாள்: "நாளைக்கும் அங்கயே நில்லு!"

அன்று அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் கம்பெனி பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போனேன். அந்த பஸ்ஸுக்கென்று சில முறைகள் இருந்தன. முன் வரிசைகள் பர்மனென்ட் ஆனவர்களுக்கு, பின் வரிசைகள் ட்ரெய்னீகளுக்கு. ஜன்னலோரம் யாருக்கு என்பது எழுதி வைக்காத சட்டம். காலைச் சாப்பாட்டைப் பஸ்ஸிலேயே முடிப்பார்கள். யார் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் முதல் பங்கு டிரைவருக்கு. இட்லியோ எலுமிச்சஞ் சாதமோ, ஒரு மூடியில் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றி இன்ஜின் பானட்டின் மேல் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அவர் ராயக்கோட்டைப் பக்கத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். கண்ணாடியில் பார்த்து, "இன்னிக்கு எலுமிச்சங்கா ஆரு ஊட்டுது? உப்பு பத்தல" என்று மட்டும் சொல்வார்.

அக்கா திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள், ஆனால் பேச்சில் முப்பது வயது பெரியவள். ஊரில் அப்பா படுத்த படுக்கை, கீழே இரண்டு தம்பிகள். ஆறு மாதம் ட்ரெய்னிங் முடிந்தால் பர்மனென்ட் ஆக்குவார்கள். அதற்கு அவளுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. தினமும் ஏறியதும் முதல் வேலையாக எண்ணிக்கையைச் சொல்வாள். "இன்னும் இருபத்தி நாலு. பர்மனென்ட் ஆயிட்டேம்னா முன்னால ஜன்னல் ஸீட்டு. உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயி உக்காத்தி வைப்பேன்."

எனக்காக அவளே பேசினாள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பஸ்ஸில் யாராவது என்னை ஏதாவது கேட்டால் நான் அக்காவைத் திரும்பிப் பார்ப்பேன், அவள் பதில் சொல்வாள். எனக்கு வத்தல் பிடிக்கும் என்று சொன்னாள். எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்றாள், அது அவளாகக் கட்டிவிட்டது. ஒருநாள் வருகைப் பதிவு விஷயத்தை எப்படியோ திக்கித் திணறிச் சொன்னேன். மறுநாள் பஸ்ஸில் அவள் வாத்தியார் ஆகி என் பெயரைக் கூப்பிட்டாள். நான் "எஸ் சார்" என்று சொல்ல, முன் ஸீட்டில் இருந்த கண்ணாடி போட்ட அக்கா "கேக்கல" என்று சொல்ல, நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல, "கேக்கல, கேக்கல" என்று பஸ் முழுக்கச் சொல்ல, கல்லூரி வரும்வரை அதே வேலை. அந்த வாரம் ஒருநாள்கூட நான் வராதவள் ஆகவில்லை.

வெளியாளான நான் அந்த பஸ்ஸில் போவது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு முதலில் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனியில் அப்போது யூனியன் தொடங்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பஸ்ஸில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள் என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம். வெளியாள் ஏறினால் ஏற்றியவருக்கு வேலை போகும் என்று போர்டில் எழுதி ஒட்டியிருந்தார்களாம். நான் கேட்டபோது அக்கா கையை உதறினாள். "நீ என்ன யூனியனா? நீ வாயைத் தொறந்து நாலு வார்த்த பேசுனா அதுவே பெரிய விசயம்."

நான்காவது வாரத் தொடக்கத்தில், கல்லூரிக்கு ஒரு நிறுத்தம் முன்னால், கம்பெனியில் வருகை நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ்காரர் ஒருவரும் இரண்டு காவலாளிகளும் பஸ்ஸில் ஏறினார்கள். எங்கும் நிறுத்தாமல் நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போகச் சொன்னார்கள். என் கல்லூரி ஜன்னலில் வந்து போயிற்று. அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "பயப்படாத. கேட்டா, பஸ் தெரியாம தப்பா ஏறிட்டேன்னு சொல்லு. அதான நடந்துச்சு? அது மட்டும் போதும்."

அது மட்டும் போதும். முதல் நாள் அதுதான் நடந்தது என்பதால் பொய்கூட இல்லை.

கேட்டில் எல்லோரையும் வரிசையில் இறக்கி அட்டையைப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். சங்கு ஊதிவிட்டது, நிற்க முடியாது. அக்கா உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கடைசியில் நான் மட்டும் நின்றேன். டைம் ஆபீஸ்காரர் என்னை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். அவர் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"யாரும்மா நீ?"

நான் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"யாரு உன்னை பஸ்ல ஏத்துனது?"

தப்பா ஏறிட்டேன் சார். மூன்றே சொல். மனசுக்குள் பத்துமுறை சொல்லிவிட்டேன். வாயில் எச்சில்கூட இல்லை.

"டிரைவரா?"

இல்லை என்று தலையசைத்தேன். அது நிஜம், அதனால் தலை தானாக அசைந்துவிட்டது. ஒன்றுக்குப் பதில் சொன்ன பிறகு அடுத்ததற்குச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப பின்னாடி உன் பக்கத்துல கையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாளே, அவளா?"

அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது. வேறு எதுவும் எனக்கு அந்த நிமிடத்தில் தோன்றவில்லை. தோன்றியது என்று இன்று சொன்னால் அது பொய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். உள்ளே போன் அடித்தது, எழுந்துகொண்டே, "போ, இனிமே இந்தப் பக்கம் வராத" என்று விரட்டினார். வெளியே வந்தேன். நெடுஞ்சாலை ஓரமாகக் கல்லூரி வரைக்கும் நடந்தேன். அன்று வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் அங்கே இல்லை.

அதன்பிறகு புங்கமரத்துப் பக்கம் போகவில்லை. விடியும்போதே கிளம்பிக் கல்லூரிக்கு நடந்தே போனேன். அக்காவைக் கொஞ்சம் திட்டி விட்டுவிடுவார்கள், பர்மனென்ட் ஆனதும் அவளே என்னைத் தேடி வருவாள் என்று சொல்லிக்கொண்டேன். என்னை நானே நன்றாக ஏமாற்றிக்கொள்வேன், அதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி போட்ட அக்கா அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்: "அவள நிறுத்திட்டாங்க. நாளைக்குக் காலைல ஊருக்குப் போறா. உன்னப் பாக்கணும்னு சொன்னா."

ராத்திரி முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். 'நான்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தேன், மன்னிச்சுக்கோங்க.' திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒரு தகரப்பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"அழாத. நீ என்னத்துக்கு அழுத?" என்றாள். "எல்லாம் அந்த டிரைவர் செஞ்ச வேல. வேற யாரு? தினமும் அவனுக்கு மொதச் சோறு வச்சோம் பாரு, எங்களச் சொல்லணும். நான் கூட்டிக்கிட்டு வந்தேம்னு அவன்தான் ஆபீஸ்ல புட்டுப் புட்டு வச்சிருக்கான். பஸ்ஸுல ஒருத்தியும் இனிமே அவங்கிட்ட பேச மாட்டா, நான் சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பேசவிடவில்லை, அல்லது நான் அவளைப் பேசவிட்டேன்.

"ஒன் பேரு என்ன, எந்தக் காலேஜுன்னு ரெண்டு நாளாக் கேட்டானுவ. மேல இருக்கவரு வேற வந்து, பேரைச் சொல்லு, காலேஜுக்கு எழுதிட்டு என்னய வேலைல வச்சிக்கிடுதோம்னாரு. எனக்குத் தெரியவே தெரியாது, மொகத்தப் பாத்து இரக்கப்பட்டு ஏத்துனேம்னு சொல்லிட்டேன். சொல்லிருந்தா ஒன்னக் காலேஜ்ல வச்சிருப்பானுவளா? நீ எங்க போயி நிப்ப?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். அக்கா பெட்டியைத் தூக்கினாள், நான் வாளியை எடுத்துக் கொடுத்தேன். "நல்லாப் படி. சத்தமா 'எஸ் சார்' சொல்லு" என்றாள். பஸ் கிளம்பியது. நான் கையை ஆட்டினேன். ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம், ஸ்டாண்டு வாசலில் திரும்புவதற்கு பஸ் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் எதிர்ப்பக்கத்துக் கடையருகே நின்று கம்பெனி பஸ்ஸைப் பார்த்தேன். பெண்கள் டிரைவர் பக்கம் திரும்பாமல் ஏறினார்கள். அவர் என்னவோ கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை. அவர் முகம் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாதவர் முகம் அது. அக்காவுக்கு நான் செய்ததை மாற்ற முடியாது. இவருக்குச் செய்துகொண்டிருந்ததை மாற்றலாம்.

புதன்கிழமை சாலையைக் கடந்தேன். எல்லோரும் ஏறியபின் படியில் ஒரு காலை வைத்தேன்.

"டிரைவர் அண்ணன் சொல்லல" என்றேன். "நான்தான். அந்த ஆபீஸர் கேட்டப்ப அக்காதான்னு நான்தான் தலையாட்டினேன்."

குரல் பஸ்ஸின் கடைசி வரைக்கும் கேட்டது. யாரும் 'கேக்கல' என்று சொல்லவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட அக்கா ஸீட்டைவிட்டு எழுந்து படிக்கு வந்தாள்.

"இத அவகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போனியே?"

"போனேன். சொல்லல. அட்ரஸ் குடுங்கக்கா, எழுதிடறேன். எல்லாத்தையும் எழுதிடறேன்."

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை.

"வேலையும் போயி, மாசக்கணக்கா உழைச்சதும் போயி, ஒரு நல்ல பொண்ணக் காப்பாத்திட்டோம்னு நெனச்சிக்கிட்டுப் போயிருக்கா. அவளுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். எழுதி அதையும் கெடுத்துடாத."

நான் காலைக் கீழே வைத்தேன். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "எடுங்கண்ணா, நேரமாச்சு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.